இரைச்சலுக்குள் பேசுபவன் யார்? பிக் பிளாக் குழுவின் 'அட்டமைசர்'

1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த பிக் பிளாக் என்ற குழு 'அட்டமைசர்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. மூன்று ஆண்களும் ஒரு தாள இயந்திரமும் சேர்ந்த குழு அது. அதற்கு முன்பு சிறு தட்டுகள் சிலவற்றை வெளியிட்டிருந்த அவர்களின் முதல் முழுநீளத் தொகுப்பு இதுவே. பெருநிறுவனம் எதுவும் அதன் பின்னால் நிற்கவில்லை. ஆயினும், இரைச்சல் ராக் என்று இன்று அறியப்படும் இசைவகையின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் இத்தட்டைத் தவிர்த்துவிட்டுச் செல்ல இயலாது.

அதன் புகழுக்காக நாம் இங்கே அதைப் பற்றி எழுதவில்லை. அத்தொகுப்பின் முக்கியமான பாடல்கள் பலவற்றில் கொடுமை இழைப்பவனே 'நான்' என்றும் 'நாங்கள்' என்றும் பேசுகிறான். அவனைக் கண்டிக்கும் குரலோ, நீதி வழங்கும் முடிவோ எங்கும் கிடையாது. "நாங்கள் காட்டத்தான் செய்தோம், ஆதரிக்கவில்லை" என்ற வாதத்தை நம் திரைப்பட, இலக்கிய விவாதங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சாதிவெறியை அம்பலப்படுத்திய படைப்புகளும் இதைச் சொல்லியிருக்கின்றன. சாதிவெறியனுக்கு மாலை சூட்டிய படைப்புகளும் இதையே சொல்லித் தப்பியிருக்கின்றன. இந்த உத்தி எங்கே உண்மையைத் திறந்து காட்டுகிறது, எங்கே உண்மைக்கே கேடாக முடிகிறது என்பதை அறிய 'அட்டமைசர்' நல்லதொரு சோதனைக்களம். இரண்டும் அதே தட்டின் அதே பக்கத்தில் இருக்கின்றன.

முதலில் இசைவகை பற்றிச் சில சொற்கள். எழுபதுகளின் இறுதியில் பங்க் இசை அமெரிக்க நகரங்களில் பரவியபோது, அதன் கோபத்தை எடுத்துக்கொண்டு அதன் முழக்கங்களையும் எளிய மெட்டுகளையும் கைவிட்டவர்கள் ஒரு பிரிவினர். நியூயார்க்கில் சானிக் யூத், சுவான்ஸ் போன்ற குழுக்கள் அவ்வழியில் நடந்தன. கிட்டாரின் சுருதியைக் கலைப்பது, ஒலிபெருக்கியின் முன் நிறுத்தி அதை அலறவிடுவது, உலோகத்தால் தந்திகளைக் கீறுவது, இசை என்று கற்பிக்கப்பட்டவற்றுக்கு வெளியே நிற்கும் ஒலிகளையே பாடலின் உடலாக்குவது என்பன அவர்களின் வழிமுறைகள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கலைஞர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்; இரைச்சல் என்ற பெயரை அவர்கள் தாமே விரும்பிச் சூடிக்கொண்டார்கள். கருப்பின மக்கள் வாசித்த ஜாஸும் ராக் அண்ட் ரோலும் அதே நாட்டில் இரைச்சல் என்று தூற்றப்பட்டது விருப்பத்தின் பேரில் நடந்ததன்று. பறையிசை சாவுமேளமாக மட்டுமே பார்க்கப்பட்ட ஊர்களில் பிறந்த நமக்கு, தேர்ந்தெடுத்த இரைச்சலுக்கும் சுமத்தப்பட்ட இரைச்சலுக்கும் உள்ள தொலைவை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிக் பிளாக் குழுவைத் தொடங்கியவர் ஸ்டீவ் ஆல்பினி. மொன்டானா மாநிலத்தின் மிசூலா என்ற ஊரில் வளர்ந்தவர். சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்றவர். 1982இல் வந்த 'லங்ஸ்' என்ற முதல் சிறு தட்டை ஏறத்தாழத் தனியொருவராகவே தாள இயந்திரத்தின் துணையுடன் பதிவு செய்தார். பின்னர் கொலம்பியாவில் பிறந்த சாந்தியாகோ துராங்கோ இரண்டாவது கிட்டார் கலைஞராகவும், டெட்ராய்ட்டிலிருந்து வந்த டேவ் ரைலி பேஸ் கிட்டார் கலைஞராகவும் இணைந்தனர். குழுவின் பெயருக்கு ஆல்பினி ஒரு விளக்கம் தந்ததுண்டு: குழந்தைகள் அஞ்சுபவை எல்லாமே பெரியவை, கருப்பானவை என்பது அதன் சாரம். அச்சத்தின் நிறம் கருப்பு என்பது அவர்கள் சமூகத்தில் எவ்வளவு இயல்பான சிந்தனையாக இருந்தது என்பதற்கு அந்த விளக்கமே சான்று. அதைக் கேள்விக்குள்ளாக்கும் எண்ணம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

குழுவின் நான்காவது உறுப்பினர் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த டி.ஆர். 606 தாள இயந்திரம். தட்டின் உறையில் 'ரோலண்ட்' என்று அதற்கும் ஓர் ஆளைப் போலப் பெயர் கொடுத்தார்கள். மனிதர் வாசிக்கும் மேளத்தில் கை தளரும், வேகம் கூடும், குறையும். கேட்பவரோடு ஓர் உறவு அதில் பிறக்கும். இந்த இயந்திரம் அப்படித் தளர்வதில்லை. அதன் மேல் இரண்டு கிட்டார்களும் தகரத்தை அரம் கொண்டு தேய்ப்பதைப் போல ஒலிக்கின்றன. ஆல்பினி தந்திகளை மீட்ட உலோகத் துண்டுகளைப் பயன்படுத்தினார். குரல் அந்த ஒலிக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. சொற்களைப் பிடிக்க நாம் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. பாடல்களில் வரும் மனிதர்கள் தம்மை நிறுத்திக்கொள்ள இயலாதவர்கள். அவர்களுக்குப் பொருந்திய தாளம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

அந்த இயந்திரத்தைத் தொடர்ந்து சென்றால் சிகாகோவின் இன்னொரு பகுதிக்கு வந்து சேர்கிறோம். டி.ஆர். 606 தனியாகப் பிறந்ததன்று, டி.பி. 303 என்ற பேஸ் ஒலி இயந்திரத்தின் இணையாக அது சந்தைக்கு வந்தது. டி.பி. 303 விற்பனையில் தோற்று, பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், கருப்பின இளைஞர்கள் ஹவுஸ் என்ற புதிய நடன இசையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்விசை வளர்ந்த நடனக்கூடங்களில் தன்பாலீர்ப்பாளர்கள் பெருந்திரளாக இருந்தனர். 1987இல் ஃபியூச்சர் என்ற குழு டி.பி. 303ஐத் தயாரிப்பாளர்கள் எண்ணியிராத விதத்தில் முறுக்கித் திருகி, 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பதிவை வெளியிட்டது. உலகெங்கும் பரவிய ஓர் இசைவகை அதிலிருந்து கிளைத்தது. ஒரு நிறுவனத்தின் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று வெள்ளை இளைஞர்களின் இரைச்சலுக்கும் மற்றொன்று கருப்பின இளைஞர்களின் நடனத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அந்நகரம் அவ்வளவு பிளவுபட்டுக் கிடந்தது. 1979 ஜூலை 12 அன்று அங்குள்ள பேஸ்பால் மைதானத்தில், ராக் வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் அழைப்பின் பேரில் திரண்ட கூட்டம் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தது. அத்தட்டுகளில் பல கருப்பினக் கலைஞர்களுடையவை. ஹவுஸ் இசை அந்தச் சாம்பலின் அருகில்தான் முளைத்தது.

பணத்திலும் இப்பிளவைக் காணலாம். பிக் பிளாக் மேலாளரை வைத்துக்கொள்ளவில்லை, ஒப்பந்தங்களில் கையெழுத்திடவில்லை, பதிவுச் செலவைத் தாமே ஏற்றது, நிகழ்ச்சிகளைத் தாமே ஏற்பாடு செய்தது. 'அட்டமைசரை' வெளியிட்ட ஹோம்ஸ்டெட் நிறுவனத்தோடு முரண்பட்டபோது, குழு எளிதாக விலகி டச் அண்ட் கோ நிறுவனத்துக்குச் சென்றது. 1993இல் ஆல்பினி எழுதிய 'தி பிராப்ளம் வித் மியூசிக்' என்ற கட்டுரை, ஒப்பந்தத்தில் சிக்கிய ஒரு குழு எப்படிக் கடனாளியாகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. அதே ஆண்டு நிர்வானா குழுவின் 'இன் யூடெரோ' தொகுப்பைப் பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம், வேலைக்குக் கூலி மட்டும் போதும் என்று பெருந்தொகையை மறுத்தார். அவருடைய நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஹவுஸ் இசைக் கலைஞர்களான லேரி ஹேர்டும் ராபர்ட் ஓவன்ஸும் எண்பதுகளில் டிராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட தம் பாடல்களுக்காக 2020இல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2022இல் ஏற்பட்ட சமரசத்தின் பின்னரே உரிமை அவர்களிடம் திரும்பியது. ஒப்பந்தத்தை மறுத்துவிட்டு வெளியேற முடிவதும் ஒருவகை உடைமைதான்.

இனிப் பாடல்களுக்கு வருவோம். 'கெரசின்' என்ற பாடல் ஆறு நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. சிறு நகரம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே சாகப்போகும் ஓர் இளைஞன் பேசுகிறான். அங்கே செய்வதற்கு எதுவுமில்லை. பொழுதுபோக்கு இரண்டுதான்: பொருள்களைக் கொளுத்தி வேடிக்கை பார்ப்பது, ஊர் ஆண்கள் அனைவரும் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் செல்வது. அவன் அவ்விரண்டையும் ஒன்றாக இணைக்கும் எண்ணத்தை நோக்கி நகர்கிறான். அரக்கனின் குரலில் அவன் பேசுவதில்லை. சலிப்புற்ற பக்கத்து வீட்டுப் பையனின் குரல் அது. 'கேபிள்ஸ்' என்ற மேடைப் பதிவில், மாடுகள் கொல்லப்படுவதைக் காண இறைச்சிக் கூடத்துக்குப் பொழுதுபோக்காகச் செல்லும் இளைஞர்கள் வருகிறார்கள். 'பிக் மணி' ஊழல் காவலர் ஒருவரைப் பற்றியது. 'பசூகா ஜோ' போர்முனையில் கொலை கற்றுத் திரும்பியவனின் திறமைக்கு ஊரில் வேலை தேடுகிறது.

இப்பாடல்களின் வலிமையை நாம் மறுப்பதற்கில்லை. தலித் குடியிருப்பு ஒன்று தாக்கப்பட்ட மறுநாள் நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். 'மர்ம நபர்கள்' என்றோ, 'இரு தரப்பினரிடையே மோதல்' என்றோ செய்தி அச்சாகியிருக்கும். தாக்கியவன் முகமற்றவனாகிறான், மிஞ்சினால் குடிவெறியில் தன்னிலை இழந்தவனாகிறான். களத்துக்குச் சென்று உண்மை அறிந்தவர்கள் காண்பது வேறு. தாக்கியவர்கள் அதே ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள், அதே தேநீர்க் கடையில் பெஞ்சில் அமர்பவர்கள், திருவிழாவில் முன்னே நின்று வேலை செய்பவர்கள். கொடுமை அவர்களுக்கு ஒரு பொழுதாகவும், ஒரு தோழமையாகவும், நகைச்சுவையாகவும் கூட இருக்கிறது. குற்றவாளியை அரக்கனாக்கினால் ஊர் தப்பித்துக்கொள்கிறது. 'கெரசின்' அந்தத் தப்பிக்கும் வழியை அடைக்கிறது. பாடலின் தாளத்தில் தலையசைத்துக்கொண்டிருக்கும் நாமும் அவனோடு சற்று தூரம் நடந்துவிட்டோம் என்பதை உணரும் இடத்தில் அது நம்மைக் கொண்டு நிறுத்துகிறது. பிரச்சாரப் பாடல் எதுவும் இதைச் செய்துவிட முடியாது.

தட்டின் முதல் பாடலான 'ஜோர்டான், மினசோட்டா'வில் அதே உத்தி முறிகிறது. ஜோர்டான் என்பது மினசோட்டா மாநிலத்தில், அன்று மூவாயிரம் பேர்கூட வசிக்காத ஒரு சிற்றூர். 1983இல் அங்கே குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதைத் தொடர்ந்து, ஊரில் பெரியவர்கள் பலர் சேர்ந்து இயங்கிய ஒரு வலைப்பின்னல் இருந்ததாகக் குற்றச்சாட்டு விரிந்தது. பெற்றோர் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குகள் பாய்ந்தன. குழந்தைகள் வீடுகளிலிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்பட்டு மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டனர். 1984 செப்டம்பரில் முதல் வழக்கை எதிர்கொண்ட தம்பதியர் விடுவிக்கப்பட்டனர். அடுத்த மாதமே எஞ்சியோர் மீதான குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு கைவிட்டது. 1985 பிப்ரவரியில் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அறிக்கை வந்தது. குழந்தைகள் சிலர் கொடுமைக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்றாலும், ஓயாத விசாரணை முறை சாட்சியங்களைக் கெடுத்துவிட்டது, எது உண்மை எது புனைவு என்று இனிப் பிரிக்க இயலாது என்பது அதன் சாரம்.

'அட்டமைசர்' வெளிவந்தது அதற்கும் அடுத்த ஆண்டில். பாடலோ, ஊரே சேர்ந்து அக்குற்றத்தைச் செய்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்கொண்டு, குற்றவாளியின் வாயால் அதைப் பேசுகிறது. உண்மையான ஊரின் பெயர் தலைப்பிலேயே நிற்கிறது. இதழியல் பயின்ற ஒருவர் எழுதிய பாடல் இது என்பது நம்மை மேலும் உறுத்துகிறது. 'கெரசின்' ஒரு கற்பனை மனிதனுக்குள் நுழைந்து கேட்பவரையும் உடன் இழுத்துச் செல்கிறது. 'ஜோர்டான், மினசோட்டா' நீதிமன்றத்தில் நிற்காமல் போன ஒரு குற்றச்சாட்டைத் தன் அதிர்ச்சிக்கான மூலப்பொருளாக்குகிறது. கொடுமையைப் பேசுவது துணிச்சல் என்று எண்ணும் கலைஞர், அதை யார் சொன்னார், எப்படித் தெரியும் என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார். உண்மையறியும் குழுக்களில் பணியாற்றும் தோழர்கள் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும். வாக்குமூலத்தில் ஒரு தேதி பிசகினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன செய்வார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் யார் கையிலெல்லாம் சிக்கினார்கள்! உண்மையிலேயே துன்புறுத்தியவனிடம், பிறகு தாம் கேட்க விரும்பியதைச் சொல்லும்வரை விடாத விசாரணையாளர்களிடம், பிறகு ஒரு பாடலிடம். எந்த இடத்திலும் அவர்கள் தம் மொழியில் பேசவில்லை. தட்டு முழுவதற்கும் இது பொருந்தும். 'கெரசின்' பாடலின் அந்தப் பெண்ணுக்கும் குரலில்லை. குற்றவாளியின் மனத்துக்குள் இவ்வளவு ஆழமாக நுழைந்த தொகுப்பில், பாதிக்கப்பட்டவரின் பக்கமிருந்து ஒரு வரிகூட நம் காதுக்கு எட்டவில்லை.

இந்த உத்தியை நம்பியதற்குப் பின்னால் ஓர் எண்ணம் இருந்தது: நாங்கள் நல்லவர்கள் என்பது எங்கள் ரசிகர்களுக்குத் தெரியும், நிறவெறியும் பெண்வெறுப்பும் ஏற்கெனவே தோற்றுவிட்டன, ஆகவே அவற்றின் சொற்களைக் கொண்டு விளையாடலாம். பிக் பிளாக் 1987இல் கலைந்தபின் ஆல்பினி தொடங்கிய குழுவின் பெயர் 'ரேப்மேன்'. ஜப்பானியப் படக்கதை ஒன்றிலிருந்து எடுத்த பெயர் என்று அவர் கூறினாலும், நிகழ்ச்சி அரங்குகளின் வெளியே எதிர்ப்பு எழுந்தது, எழவேண்டியதே. பின்னாளில் ஆல்பினியே இதற்குப் பதில் சொன்னார். 2021இல் வெளிப்படையாக எழுதியபோது, வசதியும் பாதுகாப்பும் தந்த அறியாமையில் நின்றுகொண்டு தான் சொன்னவை, செய்தவை பல அருவருப்பானவை என்றும், அவற்றுக்காக வருந்துவதாகவும் ஒப்புக்கொண்டார். சாக்கு எதையும் அவர் தேடவில்லை. அவற்றை விமர்சித்தவர்கள் மிகையாக நடந்துகொண்டார்கள் என்று குறைகூறவும் இல்லை. 2024 மே மாதம் காலமாகும்வரை அந்நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கவில்லை. நம் கலைஞர்களிடம் இத்தகைய ஒப்புதலைக் காண்பது அரிது என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம். நாற்பது ஆண்டுகளாக அச்சொற்களைக் கேட்டுக் காயமுற்றவர்கள் அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை.

இரண்டாவது பாடலை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்தோம். 'பாஸிங் காம்ப்ளெக்ஷன்' வெளிறிய நிறத்தில் பிறந்து, வெள்ளையராகக் கடந்து செல்லக்கூடிய கருப்பின ஆண் ஒருவரைப் பற்றியது. ஒரு சொட்டுக் கருப்பினக் குருதி இருந்தாலும் கருப்பினத்தவர் என்று கணக்கிட்ட நாட்டில் அது வெறும் நிறப் பிரச்சினை அன்று. 1892இல் லூசியானாவில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் அமர்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸி, எட்டில் ஒரு பங்கு மட்டுமே கருப்பின வம்சாவளி உடையவர். பிரித்துவைத்தல் சட்டப்படி சரியே என்ற 1896ஆம் ஆண்டின் தீர்ப்பு அவர் தொடுத்த வழக்கில் வந்ததுதான். வால்டர் வைட் வேறொரு வகை. நீலக் கண்களும் வெளிறிய தோலும் கொண்ட அவர், தென் மாநிலங்களுக்கு வெள்ளையர் போலச் சென்று, கும்பல் கொலைகள் குறித்துக் கொலைகாரர்களிடமே கேட்டறிந்து அறிக்கை எழுதினார். நெல்லா லார்சன் 1929இல் எழுதிய 'பாஸிங்' நாவல், அவ்வாறு கடந்து சென்ற பெண்ணின் ஒவ்வொரு நாளையும் அரிக்கும் அச்சத்தைச் சொன்னது.

நமக்கு இது அந்நியக் கதையன்று. தோலின் நிறத்துக்குப் பதில் இங்கே பெயரின் ஈற்றெழுத்து, ஊரில் எந்தத் தெரு என்ற விசாரிப்பு, உணவுப் பழக்கம் ஆகியவை சோதனைச் சாவடிகளாக நிற்கின்றன. யாஷிகா தத் 2019இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பே, தலித் என்று வெளிப்பட்டு நிற்பதைப் பற்றியதுதான்.

பிக் பிளாக்கின் பாடல் மூன்று நிமிட அளவில் முடிந்துவிடுகிறது. இத்தொகுப்பில் ஒடுக்கப்பட்ட ஒருவனை நடுவில் நிறுத்தும் அரிய பாடல் அது; இசையளவில் மிகச் செறிவானதும்கூட. ஆயினும் கடந்து செல்பவனின் இரவுகளை நாம் அதில் அறிவதில்லை. வெள்ளை இளைஞர்கள் வியப்போடு பார்க்கும் ஒரு விசித்திரமாகவே அவன் நிற்கிறான் என்பது நம் கணிப்பு.

கடந்து செல்பவரே பேசினால் அது எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் ஓர் எழுத்து உண்டு. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசில் பணியேற்கச் சென்றபோது தங்க இடமின்றி, பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு வந்த பார்சிகள் ஒரு டஜன் பேர் அறை வாசலில் நின்று, நீ யார் என்று கேட்டார்கள். மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். அவர் பம்பாய் செல்லும் இரவு ஒன்பது மணி ரயிலுக்காகப் பொதுப் பூங்காவில் காத்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் இதை எழுதும்போதும், அந்தக் காட்சியைக் கண்ணீரின்றி நினைக்க முடியவில்லை என்கிறார். தடிகளோடு நின்றவர்களும் அதில் வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் வருகின்றன. ஆனால் அங்கே பேசுபவர் அவர்.